குன்றிமணியில் ஐம்பதில் ஒரு பங்கு: மனச்சிதைவு மருந்தின் வரலாறு

திருப்பெரும்பூதூருக்கு நாம் பலமுறை சென்றிருக்கிறோம். எல்லாம் கோயிலுக்காகத்தான். இராமானுசர் அவதரித்த தலம், ஆதிகேசவப் பெருமாள் கோயில், குளக்கரை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி ஒரகடம் வழியாகப் பேருந்து பிடித்தால் இருபுறமும் வளர்ந்துகொண்டே வந்த தொழிற்சாலைகளை ஆண்டுதோறும் காண நேரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. திருப்பெரும்பூதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஏரிகளும் வயல்களுமாக இருந்த வழியில் இன்று விடியற்காலையிலும் பிற்பகலிலும் நள்ளிரவிலும் ஷிப்டுப் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. அவற்றின் சன்னலோரம் தலைசாய்த்து உறங்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மிடம் முன்பு இளங்கலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் தம் அண்ணனைப் பற்றிப் பேச வந்திருந்தார். அண்ணனுக்கு மனச்சிதைவு. நான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு, நலமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"ஐயா, அவருக்கு மூணு ஷிப்டு. ராத்திரி ஷிப்டுல மெஷின் முன்னாடி கண்ணைச் சொருகுதுன்னு அவராவே மாத்திரையைப் பாதியாக்கிட்டார். அப்புறம் அதையும் விட்டுட்டார். நாலாவது மாசம் பழையபடி குரல் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மா பயந்துபோய் ரெண்டு ரெண்டு மாத்திரையாக் குடுத்துட்டாங்க. இப்ப கை நடுங்குது, கட்டை மாதிரி நடக்கறார். எவ்வளவு குடுத்தாத்தான் சரி? தமிழ்ல இதப் பத்தி நல்ல புத்தகம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்கய்யா."

உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அந்த அறிவுரைக்குத் தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் தேவையில்லை. ஆனால் அவர் கேட்ட 'எவ்வளவு' என்ற சொல் நம்மை விடவில்லை. மனநல மருத்துவரான நண்பர் ஒருவரைத் தொந்தரவு செய்து, அவர் காட்டிய வழியில் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, இம்மருந்துகளின் வரலாறே அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடிய வரலாறாகத் தெரிந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இது மருந்துச் சீட்டு அன்று. இதைப் படித்துவிட்டு எவரும் தம் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வேரின் எடை

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. வகுப்பில் அதை நடத்தும்போது மாணவர்கள் வியப்பது வழக்கம். மருந்தின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை; பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறது. நம் சித்த மருத்துவ மரபு மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரால் சுட்டிப் பதினெட்டாக வகுத்தது. அம்மரபில் மருந்தை நிறுக்கக் குன்றிமணி, பணவெடை, வராகனெடை என்ற அளவைகள் இருந்தன. ஒரு குன்றிமணி ஏறத்தாழ 130 மில்லிகிராம். இந்த எடையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

மனநோயைத் தணிக்கும் மருந்துகளின் தற்கால வரலாறு இந்திய மண்ணின் வேர் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சர்ப்பகந்தி என்னும் அச்செடியின் வேரைப் 'பைத்தியத்துக்கான மருந்து' என்று நாட்டு வைத்தியர்கள் வழிவழியாகக் கொடுத்துவந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வீதம் நாளைக்கு இருவேளை கொடுத்தால் உறக்கம் வருகிறது, வெறி தணிகிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. வேளைக்கு 10 முதல் 15 குன்றிமணி எடை என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டினார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் இங்கிலாந்து இதழில் எழுதிய கட்டுரையால் வேரின் புகழ் மேலை நாடுகளுக்கு எட்டியது. ஆனால் அவர் எழுதியது இரத்த அழுத்தத்தைப் பற்றி.

வேரில் சிக்கல் ஒன்று இருந்தது. ஒரு செடியின் வேரில் இருக்கும் சத்து இன்னொரு செடியின் வேரில் இருப்பதில்லை. பொடியை எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் உள்ளே போகும் மருந்தின் அளவு தெரியாது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் ரிசர்பின் என்னும் சாரத்தைத் தனியே பிரித்தபோது அச்சிக்கல் தீர்ந்தது. குன்றிமணிக் கணக்கில் கொடுத்ததை இனி மில்லிகிராம் கணக்கில் கொடுக்கலாம். 1954இல் நியூயார்க்கின் நேத்தன் கிளைன் தம் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அறிவித்ததும் ரிசர்பின் உலகெங்கும் பரவியது. 1957இல் வக்கீலுக்கும் கிளைனுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் மனநோய்க்குத் தேவைப்பட்ட அளவில் அது இரத்த அழுத்தத்தை அதிகமாக இறக்கியது. சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது. எடை தெரிந்தபின் தீங்கும் தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே, வேறிடத்திலிருந்து வந்த மருந்து ரிசர்பினை ஓரங்கட்டிவிட்டது.

சாயத்தில் பிறந்தது

அந்த மருந்தின் முன்னோர் சாயத் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள். 1876இல் ஜெர்மனியில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் உருவானது. அதன் அமைப்பை ஆராய்ந்ததில் 1883இல் ஃபீனோதயசீன் என்ற சேர்மம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பொருள்களை வைத்து ஒவ்வாமைக்கு மருந்து தேடிய பிரெஞ்சு நிறுவனமான ரோன்-பூலாங்கில், 1950 டிசம்பரில் பால் சார்பாந்தியே குளோர்ப்ரோமசினைத் தயாரித்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன் அதைக் கொடுத்துப் பார்த்த ஆன்றி லபோரி, நோயாளிகள் உறங்காமலே அமைதியாக இருப்பதைக் கவனித்தார். இது மனநோய்க்கு உதவக்கூடும் என்று சொன்னவரும் அவரே. 1952இல் பாரிசின் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் திலே, பியர் தெனிக்கேர் இருவரும் அதை மட்டுமே தொடர்ந்து கொடுத்து, நாளைக்கு 100 மில்லிகிராமையொட்டிய அளவிலேயே பிதற்றலும் பிரமையும் அடங்குவதைக் காட்டினர்.

அதற்கு முன் இருந்த சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். இன்சுலின் செலுத்தி மயக்கமுறச் செய்வது, மின்னதிர்ச்சி, மூளை நரம்பை வெட்டுவது, இவை எவற்றிலும் அடங்காதவர்களைப் பூட்டி வைப்பது. சென்னையில் 1794இல் வாலண்டைன் கனோலி என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய சிறு விடுதியே நம்மூர் மனநோய் மருத்துவமனையின் மூலம். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு மாறியது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசவாகிப் போனது தமிழ்த் திரைப்பட நகைச்சுவையின் கைங்கரியம். உள்ளே போனவர் வெளியே வரமாட்டார் என்ற அச்சம் அந்த வசவுக்குள் இருந்தது.

1950களின் நடுவில் இந்திய மருத்துவமனைகளுக்குக் குளோர்ப்ரோமசின் வந்தபின் அந்த அச்சம் மெல்லத் தளரத் தொடங்கியது. 1961இல் கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1978 வரை அவர் அங்கே பணியாற்றிய காலத்தில் புறநோயாளிப் பிரிவும் மறுவாழ்வுப் பணிகளும் வளர்ந்தன. மாத்திரையை வீட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து போகும் நோயாளி என்ற புதிய மனிதர் உருவானார். ஆனால் அதில் ஒரு பொறுப்பு கைமாறியதை எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்று தெரியவில்லை. மருத்துவமனையில் மருந்தின் அளவைச் செவிலியர் பார்த்துக்கொண்டார். வீட்டில் அதைத் தாய் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எவ்வளவு?

1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. குளோர்ப்ரோமசின் 100 மில்லிகிராம் செய்யும் வேலையை இது ஏறத்தாழ 2 மில்லிகிராமில் செய்யும். பின்னாளில் வந்த ஒலான்சபின் என்றால் 5 மில்லிகிராம். ஒரு மருந்தை நிறுத்தி இன்னொன்றுக்கு மாற்றும்போது மாத்திரை அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து 'ஐம்பதிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள்' என்று மகிழ்வதோ கலங்குவதோ பொருளற்றது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இம்மருந்துகள் மூளையில் டோபமின் என்னும் வேதித்தூதுவன் வந்து அமரும் இடங்களை மறிக்கின்றன. குரலும் சந்தேகமும் அதனால் அடங்குகின்றன. ஆனால் கைகால் அசைவை ஒழுங்குபடுத்துவதும் டோபமின்தான். மறிப்பு மிகுந்தால் கை நடுங்கும், உடல் விறைக்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தாமே அசைந்துகொண்டிருக்கும் கோளாறு வருவதை 1957இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் பதிவு செய்தார். மருந்தை நிறுத்தினாலும் அது எல்லோருக்கும் நீங்குவதில்லை.

அக்காலத்தில் பல மருத்துவர்கள் நடுக்கம் வருவதையே மருந்து பிடித்ததற்கு அடையாளமாகக் கொண்டனர். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோவாகிம் ஹாசே சற்று வேறாகச் சிந்தித்தார். நோயாளியைத் தினமும் ஒரே வாசகத்தை எழுதச் சொன்னார். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்தால், நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கையெழுத்து லேசாகச் சுருங்கத் தொடங்கும். அந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும், அதுவே போதிய அளவு என்றார். விடைத்தாள் திருத்தியே காலம் கழிப்பவர்களாகிய நமக்கு இந்தச் செய்தி வெகுநேரம் மனத்தில் நின்றது. எழுத்தின் அகலத்தில் ஒரு மனிதனின் மருந்தளவை வாசித்திருக்கிறார்.

அவர் பேச்சைப் பலரும் கேட்கவில்லை. 1970களில் 'விரைந்து அடக்குதல்' என்ற பெயரில் நாளைக்கு 100 மில்லிகிராம் வரை ஹாலோபெரிடால் செலுத்தும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அதிக அளவால் குணம் கூடவில்லை, துன்பமே கூடியது. 1980களின் பிற்பகுதியில் சுவீடனின் லார்ஸ் ஃபார்டே குழுவினர் உயிருள்ள மனிதரின் மூளையில் எவ்வளவு இடம் மறிக்கப்படுகிறது என்பதைப் படமெடுத்துக் காட்டத் தொடங்கினர். 2000இல் டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் குழுவினர், முதன்முறை நோய்வாய்ப்பட்ட 22 பேருக்கு நாளைக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் கொடுத்து அளந்தனர். மறிப்பு 65 விழுக்காட்டைத் தாண்டினால் குணம் தெரிகிறது. 78 விழுக்காட்டைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் தொடங்குகின்றன. மருந்து வேலை செய்வதற்கும் தீங்கு செய்வதற்கும் இடையே உள்ள வழி அவ்வளவு குறுகலானது.

இப்போது குன்றிமணியை நினைவுகூர்வோம். 2.5 மில்லிகிராம் என்பது ஒரு குன்றிமணியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் துணுக்கு பலருக்குப் போதுமானதாக இருந்தது. 100 மில்லிகிராம் கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அளவுகோல் இல்லாமல் அளந்தவர்கள். அவர்களுடைய பிழைக்கான விலையை நோயாளிகளின் உடல் கொடுத்தது. பின்னர் வந்த ரிஸ்பெரிடோனின் கதையும் இப்படித்தான். 1993இல் அமெரிக்காவில் நாளைக்கு 16 மில்லிகிராம் வரை என்ற அனுமதியுடன் வந்தது. ஆய்வுகளில் நன்கு வேலை செய்தது 6 மில்லிகிராம். இன்று பலருக்கு அதற்கும் குறைவாகவே கொடுக்கிறார்கள்.

சென்னையில் எடுத்த கணக்கு

நம்மூரில் நடந்த ஆய்வு ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 1984இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் ஆர். தாரா உள்ளிட்ட மருத்துவர்களும், ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியும் சேர்ந்து 1996இல் வெளியிட்டது அது. கேள்வி எளியது. முதிய மனச்சிதைவு நோயாளிகளிடம் காணும் நடுக்கமும் வாயசைவும் மருந்தால் வந்தவையா, நோயால் வந்தவையா?

இங்கிலாந்தில் இதற்கு விடை காண வழியில்லை. அங்கே மருந்தே சாப்பிடாமல் முதுமையடைந்த மனச்சிதைவு நோயாளியைத் தேடிப்பிடிப்பது அரிது. சென்னையில் கிடைத்தார்கள். நோயற்றவர், நோயாளிகளின் இரத்த உறவினர், மருந்தே சாப்பிட்டிராத நோயாளிகள், மருந்து சாப்பிட்ட நோயாளிகள் என்று நான்கு வகையினர், மொத்தம் 308 முதியவர்களைச் சோதித்தனர். தானே நிகழும் அசைவுகள் முதலிரு வகையினரில் 15 விழுக்காட்டினரிடமும், மருந்தே காணாத நோயாளிகளில் 38 விழுக்காட்டினரிடமும், மருந்துண்டவர்களில் 41 விழுக்காட்டினரிடமும் இருந்தன. விறைப்பும் நடுக்கமும் முறையே 6, 11, 24, 36 விழுக்காடு.

ஆக, மருந்தின் தலையில் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு நோய்க்கே உரியது என்று தெரிந்தது. மருந்துக்கும் பங்கு உண்டு என்பதை 24க்கும் 36க்கும் உள்ள இடைவெளி காட்டுகிறது. உலக மருத்துவத்துக்கு இது பெரிய வரவு. ஆனால் அந்தக் கணக்கை நாம் இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று உறைத்தது. மருந்தே காணாத முதியவர்கள் ஓர் ஆய்வுக்குப் போதுமான எண்ணிக்கையில் இங்கே இருந்திருக்கிறார்கள். குளோர்ப்ரோமசின் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் ஒரு மாத்திரைகூட அவர்களை எட்டவில்லை. மருந்தின் பாதுகாப்பைப் பற்றி உலகுக்குக் கிடைத்த அந்தத் தெளிவு, நம்முடைய புறக்கணிப்பிலிருந்து பிறந்தது. 1998இல் ஸ்கார்ஃபின் ஆர். பத்மாவதி முதலானோர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், சென்னையின் நகர்ப்புறப் பகுதியில் கண்டறிந்த நோயாளிகளில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் ஒருபோதும் சிகிச்சை பெறாதவர்கள்.

சிகிச்சை பெறாதவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஒரு விடை கிடைத்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். சங்கிலிக்கு அளவு கிடையாது. கூட்டவோ குறைக்கவோ, மாதம் ஒருமுறை பார்த்து மாற்றவோ வேண்டியதில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது.

எட்டு உயிர்களும் ஓர் இரத்தச் சோதனையும்

அளவைப் பற்றிய இந்த வரலாற்றில் குளோசபினை விட்டுவிட முடியாது. 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் உருவான இம்மருந்து நடுக்கமோ விறைப்போ பெரிதும் தரவில்லை. அதனாலேயே இதை மருந்தென்று நம்பத் தயங்கியவர்களும் இருந்தனர். 1970களில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய், எட்டுப் பேர் தொற்றுக்குப் பலியாயினர். பல நாடுகளில் குளோசபின் மறைந்தது.

ஆனால் வேறு எந்த மருந்துக்கும் அசையாத நோய் இதற்கு அசைந்ததை மருத்துவர்கள் மறக்கவில்லை. 1988இல் அமெரிக்காவின் ஜான் கேன் குழுவினர் அத்தகைய 268 பேரிடம் நடத்திய ஆய்வில் குளோர்ப்ரோமசினால் 4 விழுக்காட்டினரும் குளோசபினால் 30 விழுக்காட்டினரும் தேறினர். எனவே ஒரு நிபந்தனையோடு அதைத் திரும்ப அழைத்தார்கள். வாரந்தோறும் இரத்தத்தைச் சோதித்து வெள்ளணு குறையாதிருந்தால் மட்டுமே அடுத்த வார மாத்திரை. காலம் செல்லச் செல்லச் சோதனையின் இடைவெளியை நீட்டலாம். இதனால் இறப்பு மிக அரிதாயிற்று. 2009இல் அதே பின்லாந்திலிருந்து வந்த ஆய்வு, 66,881 நோயாளிகளின் பதினோராண்டுப் பதிவுகளைப் பார்த்து, இம்மருந்துகளில் குளோசபின் உண்டவர்களிடமே இறப்பு மிகக் குறைவு என்று சொன்னது. எட்டுப் பேரைக் கொன்ற மருந்தும் இதுதான். இடையே மாறியது வேதியியல் அன்று, கவனிப்பு. 2025இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டாயப் பதிவுமுறையை நீக்கியபோதும் இரத்தச் சோதனைப் பரிந்துரையை நீக்கவில்லை.

குளோசபினை 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல நூற்றுக்கணக்கான மில்லிகிராமுக்கு ஏற்றுவார்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. மருத்துவரைக் கேட்டு மீண்டும் 12.5இலிருந்தே ஏற வேண்டும். இல்லையென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடக்கூடும். பீடியோ சிகரெட்டோ புகைப்பவர் உடலில் குளோசபினும் ஒலான்சபினும் விரைவில் கரைந்துபோகும். புகையைத் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை அதிக அளவாகிவிடும். நல்ல பழக்கத்துக்கு மாறுகிறவர்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற வேண்டும். ஒலான்சபின் போன்ற புதிய மருந்துகள் நடுக்கத்தைக் குறைத்தன. ஆனால் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. 2004இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து, எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு இவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அறிவித்தன. எடை பார்க்கும் எந்திரமும் மனநல மருத்துவத்தின் கருவியாயிற்று.

ஷிப்டும் மாத்திரையும்

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? 2012இல் ஸ்டெஃபான் லாய்ஷ்ட் குழுவினர் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டில் 27 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. நம் மாணவரின் அண்ணன் அந்த 64இல் ஒருவர். ஆனால் அவர் மாத்திரையை நிறுத்தியது அறியாமையால் அன்று. இயந்திரத்தின் முன் கண் சொருகினால் விரல் போகும், வேலையும் போகும். மாத்திரை வேண்டுமா விரல் வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது அவர் விரலைத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்தில் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

மருந்தின் அளவை வகுத்த ஆய்வுகள் இரவில் உறங்கிப் பகலில் விழிக்கும் மனிதரை மனத்தில் கொண்டவை. வாரத்துக்கொரு ஷிப்டு மாறும் உடலுக்கு 'இரவு ஒன்று' என்ற சீட்டு எதைக் குறிக்கும்? ஒரகடத்தின் கோடை இன்னொன்று. இம்மருந்துகளில் பல வியர்வையையும் உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலையும் குறைப்பவை. அனல் மிகுந்த கூடத்தில் நிற்பவர் தண்ணீரும் நிழலும் கேட்டுப் பெறவேண்டும். கேட்டால் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சம்.

வழிகள் இல்லாமல் இல்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நெடுநாள் ஊசி 1960களிலிருந்தே இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் நீட்டித்த நோய்க்கால உதவி பெறத்தக்க 34 நோய்களில் மனப்பிறழ்வு நோய்களும் உண்டு. தகுதியுள்ளவருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, ஈராண்டு வரை. இத்தொழிற்பகுதிக்குக் கிழக்கே, முன்பு ஒரே செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில், திருப்போரூர் இருக்கிறது. அவ்வூரையும் கோவாவையும் மகாராட்டிரத்தின் சத்தாராவையும் களமாகக் கொண்டு 282 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று மருந்தையும் நலத்தையும் கவனித்தால் நோயின் குறிகளும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைகின்றன என்பது அதன் முடிவு. ஓரளவுதான். ஆனால் வீடு தேடி வந்தவர் உலகப் புகழ்பெற்ற நிபுணர் அல்லர். பக்கத்துத் தெருப் பெண்ணாகவும் இருக்கலாம்.

மாணவர் சென்ற மாதம் மீண்டும் வந்தார். மருத்துவர் பழைய மாத்திரையை மாற்றி, குறைந்த அளவில் தொடங்கி, ஆறு வாரத்தில் மூன்று முறை பார்த்து ஓரளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நடுக்கம் பெரிதும் நின்றுவிட்டது. குரல் முழுவதும் போகவில்லை, 'தூரத்தில் ரேடியோ மாதிரி' இருக்கிறதாம். இரவு ஷிப்டு கூடாது என்று சான்றிதழ் தர மருத்துவர் முன்வந்தார். நோயின் பெயர் வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால், இரவில் கண்விழிக்கக் கூடாத உடல்நிலை என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார். தொழிற்சாலை இதுவரை மறுக்கவில்லை. ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலில் முடிகிறது.

"புத்தகம் ஏதாவது கிடைச்சுதாய்யா?" என்று கேட்டார். இக்கட்டுரையின் கையெழுத்துப்படியைக் கொடுத்தோம். அவர் பையிலிருந்து தம் பங்குக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்து நூல்கோத்துக் கட்டிய தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் அவருடைய தாயார் பென்சிலால் எழுதியிருக்கிறார்: மாத்திரை சாப்பிட்ட நேரம், தூங்கிய மணி, ஷிப்டு, ஞாயிறுதோறும் எடை. ஐந்தாம் வகுப்போடு நின்றவராம். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. மருத்துவர் ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கிப் படிக்கிறாராம்.